மாஃபியா தலைவனும் அவன் பேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணல் அள்ளினால் மணல் மாஃபியா, வட்டிக்கு விட்டால் வட்டி மாஃபியா. நாகர்கோவில் டீக்கடையில் பேப்பர் விரித்தால் இந்தச் சொல் இல்லாத நாளே கிடையாது. சொல் பிறந்த இத்தாலியின் சிசிலித் தீவிலும் அது போய் வளர்ந்த நியூயார்க்கிலும் தலைவர்கள் ஆட்களை எப்படி நடத்தினார்கள், பேர் எப்படி எடுத்தார்கள், எப்படிக் கெட்டார்கள் என்று மாவட்டத்தின் பல பக்கமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். பெயர் சொல்லும் இடங்களில் 'அவர்' என்று போட்டிருப்பது இலக்கணத்துக்காக, மரியாதைக்காக அல்ல.

மாஃபியா தலைவன் என்றால் கடத்தல்காரன்தானே? தனியாக அவனுக்கு என்ன வேலை?

கடத்துவது, திருடுவது, கையை ஓங்குவது எல்லாம் கீழே உள்ளவர்கள் வேலை. தலைவன் விற்பது ஒரே சரக்கு: "நான் இருக்கேன், உன் பொருளுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிற வாக்கு. அந்த வியாபாரத்துக்கு அவன் போடும் முதல் அவனுடைய பேர்.

19-ஆம் நூற்றாண்டில் சிசிலியின் பலெர்மோ நகரைச் சுற்றி எலுமிச்சை விளைகள். கன்று நட்டால் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை மதில், வாய்க்கால், தண்ணீர் என்று பைசா இறங்கிக்கொண்டே இருக்கும். காய்த்த விளையை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடலாம். கோடையில் வாய்க்காலை அடைத்தால் மரமே போய்விடும். உடைமைக்காரர் டவுனில் இருப்பார். விளையைப் பாட்டத்துக்கு எடுத்தவனும் காவல்காரனும்தான் அங்கே எல்லாம். குலசேகரம் பக்கம் ரப்பர் விளை போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷீட் களவு போகாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளே களவாடாமல் பார்க்க இன்னோர் ஆள் வேண்டும். சிசிலியில் அந்த இரண்டாவது ஆள்தான் மாஃபியாவாக வளர்ந்தான். 1861-இல் இத்தாலி ஒரே நாடான பிறகும் கிராமப்புறத்தில் போலீஸையும் கோர்ட்டையும் நம்பி யாரும் இருக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் அவன் உட்கார்ந்துகொண்டான்.

ஆகவே வழக்குத் தீர்ப்பதுதான் அவனுடைய முதல் வேலை. நம்மூர்ச் சொல்லில் கட்டப் பஞ்சாயத்து. தீர்ப்புக்கு இரு தரப்பும் கட்டுப்பட்டால் அவன் தலைவன். கட்டுப்பட வைக்க ஒவ்வொரு தடவையும் ஆளை அனுப்பி அடிக்க வேண்டியிருந்தால் அவன் வெறும் ரவுடி. அடிப்பதற்குச் செலவு உண்டு, வழக்கு உண்டு, சாட்சி உண்டு. பேருக்கு இதில் எதுவும் இல்லை.

அமைப்பு எப்படி இருக்கும்?

நியூயார்க்கில் ஐந்து 'குடும்பங்கள்', அதாவது ஐந்து மாஃபியா கூட்டங்கள். 1931-இல் மாரன்சானோ என்ற தலைவன் வகுத்து, அவனுக்குப் பின் லக்கி லூசியானோ ஒழுங்குபடுத்திய வடிவம் இது. மேலே தலைவன், அடுத்து துணைத் தலைவன், பக்கத்தில் 'கான்சிலியேரி' என்கிற ஆலோசகன். கீழே 'காப்போ' எனப்படும் குழுத் தலைவர்கள், ஒவ்வொருவரின் கீழும் 'சிப்பாய்கள்', அதற்கும் கீழே உறுப்பினராகாத கூட்டாளிகள். உறுப்பினராகச் சேர்க்கும்போது விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். புனிதர் படத்தைக் கையில் வைத்துக் கொளுத்தி, "காட்டிக் கொடுத்தால் நானும் இப்படி எரிவேன்" என்று சத்தியம் வாங்குவார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவன் சம்பளம் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பைசா போகும் திசை தலைகீழ். கீழே உள்ளவன் சம்பாதித்து மேலே பங்கு கொடுக்க வேண்டும். மேலேயிருந்து கீழே வருவது அனுமதியும் பேரும்தான்: "நான் இன்னாருடைய ஆள்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை.

உத்தரவு படிப்படியாக இறங்கும். தலைவன் சிப்பாயிடம் நேரே பேசமாட்டான். பேசினால் சிப்பாய் பிடிபடும் நாளில் தலைவனுக்கு எதிரான நேரடி சாட்சி அவன். இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. சேதியும் அதே படிகளில்தான் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவன் தனக்கு வேண்டாததை வடிகட்டிவிடுவான். கடைசியில் மேலே இருப்பவனுக்குத் தன் ஆட்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதே தெரியாது. பால் காஸ்டெலானோ கதை அதுதான்; கீழே வருகிறது.

உள்ளே ஒருவரையொருவர் எப்படி அறிமுகம் செய்வார்கள்?

"இவர் நம்ம ஆளு" என்றால் சத்தியம் செய்த உறுப்பினர். "இவர் என் ஆளு" என்றால் எனக்குத் தெரிந்தவர், உறுப்பினர் இல்லை, வாயை அடக்கு. ஒரு சொல்தான் வித்தியாசம்.

அவர்கள் கணக்கிலேயே நல்ல தலைவன் என்று யாரைச் சொல்லலாம்?

கார்லோ காம்பினோ. 1902-இல் பலெர்மோவில் பிறந்தவர், 1921-இல் கள்ளத்தனமாக அமெரிக்கா போனவர். 1957 அக்டோபர் 25 அன்று மன்ஹாட்டன் ஓட்டல் ஒன்றின் முடிதிருத்தும் நாற்காலியில் வைத்து, ஐந்து குடும்பங்களில் ஒன்றின் தலைவரான ஆல்பர்ட் அனஸ்தேசியாவைச் சுட்டுக் கொன்றார்கள்; அந்த இடத்துக்கு வந்தவர் காம்பினோ. 19 வருஷம் தலைவர். வரி ஏய்ப்பு வழக்கில் முன்பு 22 மாதம் உள்ளே இருந்ததோடு சரி. 1976-இல் லாங் ஐலண்டில் தன் வீட்டில் மாரடைப்பில் இறந்தார். இந்தத் தொழிலில் சொந்த வீட்டில் சாவது பெரிய சாதனை.

அவருடைய பாணி: சத்தம் கிடையாது, பளபளப்பு கிடையாது, பத்திரிகைக்காரர்களிடம் பேச்சு கிடையாது. துறைமுகம், லாரி, ஆயத்த ஆடை, தொழிற்சங்கம் என்று வெளியே சட்டப்படி தெரியும் இடங்களில் கால் ஊன்றினார். ஒரு தப்பு செய்தார். கடைசியில் தெருவில் செல்வாக்கோடு இருந்த துணைத் தலைவர் அனியெல்லோ டெல்லாக்ரோச்சேயை விட்டுவிட்டுத் தன் மைத்துனர் காஸ்டெலானோவுக்குப் பட்டம் கட்டினார். குடும்பத்துக்குள் இரண்டு குடும்பம் அன்றைக்கே உண்டாகிவிட்டது.

காஸ்டெலானோ ஏன் விழுந்தார்? கெட்டிக்காரர் என்கிறார்களே?

கெட்டிக்காரர்தான். இறைச்சி, கட்டுமானம் என்று வியாபாரி புத்தி. அந்த நாளில் மன்ஹாட்டனில் 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கான்கிரீட் ஒப்பந்தங்களில் இரண்டு சதவீதம் குடும்பங்களுக்குப் போக வேண்டும் என்று கணக்கு வைத்து வசூலித்தார்கள். அந்த மாதிரி வருமானம்தான் அவருக்குப் பிடிக்கும். ஸ்டேட்டன் தீவில் குன்றின்மேல் வெள்ளை மாளிகை கட்டிக்கொண்டு, ஆட்களை அங்கே வரச் சொன்னார். தெருவில் இறங்கவே இல்லை. போதைப்பொருள் விற்றால் மரணம் என்று சட்டம் போட்டார். கீழே இருந்தவர்கள் பார்வையில் அவர் பங்கு வாங்குவார், கஷ்டத்தில் பங்கெடுக்கமாட்டார்.

1983-இல் எஃப்.பி.ஐ. அந்த மாளிகைக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டது. வெளியே வராத தலைவனுக்கு இது ஒரு வினை: பேச்செல்லாம் ஒரே இடத்தில் நடந்தால் ஒரே கருவி போதும். இன்னொரு பக்கம், அதே குடும்பத்தில் காப்போவாக இருந்த ஜான் காட்டியின் கூட்டம் போதைப்பொருள் வழக்கில் மாட்டி, தங்களுக்குத் தலைவர் என்ன செய்வாரோ என்று பயந்து கிடந்தது. அவர்களைக் கட்டி வைத்திருந்த டெல்லாக்ரோச்சே 1985 டிசம்பர் 2 அன்று இறந்தார். சரியாக 14 நாள் கழித்து, டிசம்பர் 16 அந்தியில், மன்ஹாட்டன் 46-ஆம் தெரு ஓட்டல் வாசலில் காரை விட்டு இறங்கிய காஸ்டெலானோவைக் காட்டியின் ஆட்கள் சுட்டுத் தள்ளினார்கள். தலைவர் இடத்துக்குக் காட்டி வந்தார்.

காட்டிதான் எல்லாரையும்விடப் பெரிய தலைவர் இல்லையா? அவர் பேர்தானே உலகத்துக்கே தெரியும்?

அதுதான் கோளாறே. 2,000 டாலர் சூட், வாரிச் சீவிய தலை, கேமராவைக் கண்டால் சிரிப்பு. ஜூலை 4 அன்று ஓசோன் பார்க்கில் ஊரைக் கூட்டி வாண வேடிக்கை. மூன்று வழக்கில் தொடர்ந்து விடுதலையானதும் பத்திரிகைகள் 'டெஃப்லான் டான்' என்று பேர் வைத்தன, எதுவும் ஒட்டாதவராம். ஒட்டாததன் காரணத்தைப் பாருங்கள். 1986 அடிதடி வழக்கில் அடிபட்டவரே கோர்ட்டில் ஆளை அடையாளம் தெரியவில்லை என்று பிறழ் சாட்சியானார். 1987 வழக்கில் ஜூரி ஒருவர் 60,000 டாலருக்கு விலை போயிருந்தார். இதைத் திறமை என்று எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு மரியாதை சம்பந்தப்பட்டது. மல்பரி தெருவில் 'ரேவனைட்' என்ற கிளப்புக்கு எல்லாக் காப்போக்களும் முறையாக வந்து தலையைக் காட்ட வேண்டும் என்று கட்டளை. கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுதுகிற ஆளைப்போல எஃப்.பி.ஐ. எதிரே உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் படம் எடுத்தது. யார் யாருக்குக் கீழே என்கிற படம் அப்படியே கிடைத்துவிட்டது. கிளப்புக்குள் ஒட்டுக்கேட்பார்கள் என்று காட்டிக்குச் சந்தேகம் இருந்தது. அதனால் முக்கியமான பேச்சுக்குப் பின்பக்க நடைக்கு வருவார், இல்லையென்றால் படியேறி மாடியில் ஒரு விதவைப் பெண்ணின் வீட்டுக்குப் போவார். கருவி அந்த நடையிலும் அந்த மாடி வீட்டிலுமே இருந்தது.

மூன்றாவது தப்புதான் ஆளைக் கொன்றது. மாடியில் பேசும்போது, சில கொலைகளுக்குக் காரணம் தன் துணைத் தலைவர் சாமி கிராவானோவின் பேராசைதான் என்று அவர் இல்லாத நேரத்தில் பழியைத் தூக்கி அவர்மேல் போட்டார். 1990 டிசம்பர் 11 அன்று இருவரும் கைதானார்கள். ஒலிப்பதிவு கோர்ட்டில் ஓடியது. கிராவானோ காட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வருஷம் அப்ரூவராகிவிட்டார். 19 கொலைகளில் பங்கை ஒப்புக்கொண்ட அந்த ஆளுக்குக் கிடைத்தது 5 வருஷம். காட்டிக்கு 1992-இல் ஆயுள் தண்டனை. 2002 ஜூன் 10 அன்று சிறை மருத்துவமனையில் தொண்டைப் புற்றுநோயில் இறந்தபோது வயது 61. வெளியே தலைவராக இருந்தது ஐந்து வருஷம்தான்.

பைத்தியம்போல நடித்த தலைவர் உண்டாமே?

வின்சென்ட் ஜிகான்டே. ஜெனோவீஸ் குடும்பத் தலைவர். குளியல் அங்கியோடு கிரீன்விச் வில்லேஜ் தெருக்களில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். அவர் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. முகவாயைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒட்டுக்கேட்டால் பெயர் பதிவாகாதே, அதற்குத்தான். பேரை வளர்த்த காட்டி எங்கே, பேரையே அழித்த இவர் எங்கே. 1997-இல் 12 வருஷத் தண்டனை விழுந்தது. எல்லாம் நடிப்புதான் என்று 2003-இல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். பல்லாண்டு நடிப்பைக் கடைசியில் உடைத்ததில் பெரிய பங்கு சொந்த ஆட்களின் சாட்சிக்கு.

தலைவன் நேரே ஒன்றும் செய்யவில்லை என்றால் சட்டம் எப்படிப் பிடிக்கிறது?

1970-இல் அமெரிக்கா கொண்டுவந்த ரிக்கோ சட்டம் வழியாக. பத்து வருஷத்துக்குள் குறைந்தது இரண்டு குற்றம், அவை ஓர் அமைப்பின் காரியமாக நடந்தவை என்று நிரூபித்தால், அமைப்பை நடத்தியவனுக்கே தண்டனை. இதை வைத்து நியூயார்க் குடும்பத் தலைவர்களை ஒன்றாகக் கூண்டில் ஏற்றி, 1987 ஜனவரியில் முக்கியமானவர்களுக்கு 100 வருஷம் வீதம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. ஓய்வுபெற்ற தலைவர் ஜோ போனானோ 1983-இல் தன்வரலாறு எழுதி, எல்லாக் குடும்பத் தலைவர்களும் கூடும் 'கமிஷன்' பற்றிப் பெருமையாகச் சொல்லிவிட்டார். தலைவர்களின் சபை ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்க அரசு வழக்கறிஞர் ருடால்ஃப் ஜூலியானிக்கு அது கைகொடுத்தது. எழுதியதைப் பற்றி சாட்சி சொல்ல மறுத்த போனானோவும் சிறை போனார்.

சிசிலியில் எப்படி?

ஒரே ஊர், இரண்டு பாணி. கொர்லியோனே ஊர்க்காரர் டோட்டோ ரீனா பயத்தை மட்டும் நம்பினார். முதலில் எதிர்க் குடும்பங்களை அழித்தார். பிறகு அரசாங்கத்தின் மேலேயே கை வைத்தார். 1992 மே 23 அன்று கப்பாச்சி அருகே நெடுஞ்சாலையில் வெடி வைத்து நீதிபதி ஜோவன்னி ஃபால்கோனேயையும், ஜூலை 19 அன்று பலெர்மோவில் இன்னொரு நீதிபதி பாவ்லோ போர்செல்லினோவையும் கொன்றார்கள். சவ ஊர்வலத்தில் பலெர்மோ ஜனங்களே தெருவில் இறங்கிவிட்டார்கள். ராணுவம் வந்தது. 1993 ஜனவரி 15 அன்று ரீனா பிடிபட்டார், சிறையிலேயே 2017-இல் செத்தார். பயம் ஓர் அளவு வரைதான் மௌனத்தை வாங்கும். அளவு தாண்டினால் பயந்தவன் அப்ரூவராகிவிடுவான். ரீனா காலத்தில்தான் வாக்குமூலம் கொடுப்போர் வரிசை நீண்டது.

அதே ஊர்க்காரர் பெர்னார்டோ ப்ரோவென்சானோ பிறகு கையில் எடுத்ததும் குண்டுச் சத்தம் நின்றது. நிர்வாகம் முழுக்கத் துண்டுச் சீட்டில். 'பிட்சினி' என்பார்கள். தட்டச்சில் அடித்து, பொடியாக மடித்து, செலோடேப் ஒட்டி, கைமாறிக் கைமாறிப் போகும்; பதில் வர நாட்கள் ஆகும். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எழுத்துப் பிழை நிறைய, முடிவில் கடவுள் ஆசி. போன் இல்லாததால் ஒட்டுக்கேட்க ஒன்றுமில்லை. இதன் பலவீனம் சீட்டு எரிக்கப்படாமல் போவதுதான். பெறுகிறவன் தன் பத்திரத்துக்கென்று எடுத்து வைத்துக்கொள்வான், 2002-இல் ஜுஃப்ரே என்ற பெரிய புள்ளி பிடிபட்டபோது நடந்தது அதுதான். 43 வருஷம் தலைமறைவாக இருந்த ப்ரோவென்சானோவை 2006 ஏப்ரல் 11 அன்று கொர்லியோனேக்கு வெளியே ஓர் ஆட்டுப்பண்ணை வீட்டில் பிடித்தார்கள். வீட்டிலிருந்து போன சலவைத் துணிப் பொட்டலத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பிடித்தது. பக்கத்தில் தட்டச்சும் கோடு போட்ட பைபிளும் இருந்தன.

ஏழைகளுக்கு உதவி செய்கிறார்களே, அது உண்மையா?

உதவி உண்மை, கணக்கும் உண்மை. அல் கபோன் 1930-இல் சிகாகோவில் வேலையில்லாதவர்களுக்கு இலவசச் சாப்பாட்டுக்கூடம் திறந்தார். முந்தின வருஷம்தான் காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுட்ட சம்பவத்தில் அவர் பேர் அடிபட்டிருந்தது. சாப்பாட்டுக்கூடம் அந்தப் பேரைக் கழுவிய தண்ணீர். 1931-இல் அவரை உள்ளே தள்ளியது வருமான வரி வழக்கு, 11 வருஷம்.

கோயில் திருவிழாவில் இவர்கள் முன்னால் நிற்பது ஏன்?

ஊர் மொத்தமும் பார்க்கும் இடம் அதுதானே. கோட்டார் சவேரியார் தேர் யார் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது, சுசீந்திரத்தில் வடத்துக்கு முதலில் கை வைத்தது யார் என்று கவனிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெற்கு இத்தாலியில் ஊர்வலத்தில் வரும் புனிதர் சுரூபத்தைத் தலைவன் வீட்டு முன் நிறுத்தித் தலைசாய்க்க வைக்கும் வழக்கத்துக்கு 'இன்கீனோ' என்று பேரே உண்டு. 2014-இல் கலாப்ரியாவில் அப்படி மாதா சுரூபம் நின்றது பெரிய விவகாரமானது. அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 21 அன்றுதான் போப் பிரான்சிஸ் அந்த மாநிலத்தில் நின்று மாஃபியாக்காரர்கள் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று சொல்லியிருந்தார். எதிர்த்து நின்ற குருவானவரும் உண்டு. பலெர்மோவின் பிரங்காச்சோ பங்கில் பிள்ளைகளைத் தெருவிலிருந்து பிரித்தெடுத்த பினோ புலீசி 1993 செப்டம்பர் 15 அன்று, தன் பிறந்த நாளில், வீட்டு வாசலில் சுடப்பட்டார். 2013-இல் அருளாளர் பட்டம் பெற்றார்.

அவர்கள் வட்டிக்கும் நம்மூர்க் கந்து வட்டிக்கும் என்ன வித்தியாசம்?

நியூயார்க் தெருக் கணக்கு 'ஐந்துக்கு ஆறு'. 500 வாங்கினால் அடுத்த வாரம் 600. முடியாவிட்டால் வட்டி 100 மட்டும் கட்டு, முதல் அப்படியே நிற்கும். பத்து வாரம் அப்படிக் கட்டியவன் 1,000 கொடுத்திருப்பான், 500 கடன் பாக்கி இருக்கும். கொடுத்தவனுக்கு முதல் திரும்பாமல் இருப்பதுதான் லாபம். நம்மூர்த் தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். இதில் முதல் பணமாவது கரையும். வம்பு தொடங்குவது தவணை தவறியபின், வெற்றுக் காசோலையும் கையெழுத்திட்ட பத்திரமும் அவர்கள் கையில் இருக்கும்போது.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் சேர்த்தே தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுக்கும்போது வாங்கிய தேதி, கைக்கு வந்த தொகை, கட்டிய ஒவ்வொரு தவணை, யாரிடம் கொடுத்தது, கொடுத்து வைத்த காசோலை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'நிறையக் கட்டியாச்சு' என்பது புகாராகாது.

அப்படியானால் நம்மூர் தாதாவையும் மாஃபியா தலைவன் என்று சொல்லலாமா?

எங்கள் பார்வையில் பெரும்பாலும் கூடாது. சொன்னால் அவனுக்குத்தான் பெருமை. ஒரு சோதனை போதும்: தலைவன் செத்தாலும் உள்ளே போனாலும் அடுத்த நாள் அதே வசூல் அதே கணக்கில் நடக்கிறதா? நடந்தால் அமைப்பு. நின்றால் தனி ஆள் அடாவடி. 1982-இன் குண்டர் சட்டம் இந்தத் தனி ஆள்மேலும் பாயும், கும்பலில் இருப்பவன்மேலும் பாயும், 12 மாதம் வரை தடுப்புக் காவல். அமைப்புக்கென்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-ஆம் பிரிவு இருக்கிறது. கடந்த பத்து வருஷத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருக்க வேண்டும் என்கிறது அது. ரிக்கோவின் வாடை தெரிகிறதா?

கொடுக்க மாட்டேன் என்று யாராவது சொன்னதுண்டா?

உண்டு. சிசிலியில் கடைக்காரர்கள் கொடுக்கும் மாமூலுக்கு 'பிட்சோ' என்று பேர். பலெர்மோவில் துணி ஆலை வைத்திருந்த லிபரோ கிராஸி 1991 ஜனவரியில், தன்னை மிரட்டுபவனுக்குப் பத்திரிகையிலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார்: பைசா கிடையாது. சக வியாபாரிகள் பக்கத்தில் வரவில்லை. ஆகஸ்ட் 29 அன்று காலையில் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். தனியாக நின்றவனைக் கொல்வது மலிவு. நூறு பேர் சேர்ந்து நின்றால் அந்தக் கணக்கு கட்டாது. 2004-இல் பலெர்மோ இளைஞர்கள் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஊரெங்கும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், மாமூல் கொடுக்கும் ஜனம் மானமில்லாத ஜனம் என்று. அது 'அத்தியோபிட்சோ' இயக்கமானது. மாமூல் கொடுக்காத கடைகளின் பட்டியல் போட்டு, அங்கேயே வாங்குங்கள் என்றார்கள்.

தலைவன் பிடிபட்டால் அவன் சொத்து என்னவாகும்?

1982-இல் வந்த இத்தாலியச் சட்டம் மாஃபியா அமைப்பில் இருப்பதையே குற்றமாக்கி, சொத்தைப் பறிமுதல் செய்யவும் வழி செய்தது. 1996 சட்டம் அந்தச் சொத்தைப் பொதுக் காரியத்துக்குக் கொடுக்கச் சொன்னது. கொர்லியோனே வட்டாரத்தில் அப்படி வந்த நிலங்களில் இப்போது கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமையும் திராட்சையும் போடுகின்றன. அந்தக் கோதுமை பாஸ்தாவாகக் கடைக்கு வருகிறது. ஒரு சங்கத்துக்கு ப்ளாசிதோ ரிட்சோட்டோ என்று பேர். 1948-இல் கொர்லியோனேயில் விவசாயிகளுக்காக நின்று மாஃபியா கையில் செத்த தொழிற்சங்கத் தலைவர் அவர். பள்ளத்தில் கிடந்த எலும்பு அவருடையதுதான் என்று டி.என்.ஏ. சோதனையில் உறுதியானது 2012-இல். அந்த வருஷம்தான் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது.